வால் வரையாத குமிழ்

நீலமுகிலன் தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசலில் வந்து நின்ற காலை, அந்தத் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வரும் காலையாக இருந்ததால், அவனை முதலில் கண்டவர்கள் யாரும் அவனைப் பார்க்கவில்லை, அவன் மறைத்துக்கொண்டு நின்ற குழாயைத்தான் பார்த்தார்கள். "அண்ணே, செத்த தள்ளி நில்லுங்க" என்று அடுத்த வீட்டுச் செல்லக்கனி அவன் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். அவள் உள்ளங்கையில் ஈர நீலம் அப்பியது. வீட்டுக்கு ஒருவராவது அச்சகத்துக்குப் போகும் சிவகாசியில் கையில் மை ஒட்டுவது ஒரு சேதியே இல்லை என்பதால் அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குடங்களை நிரப்பி, ஒன்றை இடுப்பில் ஏற்றிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணை மட்டும் விட்டு மூடிய முகமூடி, தோளிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் நீலப் போர்வை, மார்பில் ஒரு வெள்ளை மேகம், தலைக்கு மேலே எதையும் பிடிக்காமல் காற்றில் நிற்கும் சுளகு அளவு வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

"யக்கா!" என்று அவள் வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள். "உங்க ஆபீஸ்ல இருந்து ஆள் வந்திருக்கு!"

தங்கபுஷ்பம் ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடி வெளியே வந்தாள். அச்சிலிருந்து வரும் புரூஃபைப் பார்ப்பது போலவே அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவன் உடம்பின் கறுப்புக் கோடுகள் ஓர் இடத்தில் இருந்தன. அவற்றுக்குள் இருக்க வேண்டிய நீலம் அரைவிரல் வலப்புறம் தள்ளி, போர்வையின் ஓரத்தைத் தாண்டி வழிந்து, காற்றில் தனியே நின்றது.

"நீலம் விலகியிருக்கு" என்றாள். பிறகு, "உள்ள வா" என்றாள்.

அவளுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. மதுரையில் விடுதியில் தங்கித் தமிழ் படித்தவள். ஆசிரியையாக வேண்டும் என்றிருந்தவள் அப்பா போனதும் ஊர் திரும்பி, அம்மாவும் போனதும் வீட்டைப் பூட்டவும் திறக்கவும் தான் மட்டுமே என்றாகி, வெண்கொக்கு காமிக்ஸில் பேச்சு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்து, அந்த மேசையிலேயே இளமையைக் கழித்தவள். மேசையின் எதிர்ப்பக்கம் ஓவியர் பால்துரை உட்கார்ந்திருப்பார். நீலமுகிலனை வரைந்தது அவர், பேசவைத்தது இவள்.

மற்ற அச்சகங்களில் கதை முதலில் வரும், படம் பிறகு வரும். இங்கே தலைகீழ். பால்துரை தோன்றியபடி வரைந்துகொண்டே போவார். பேச்சு வரவேண்டிய இடங்களில் வெறும் வட்டங்களை விட்டுவைப்பார். அந்த வட்டத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் குமிழ். படத்தை அவள் வெகுநேரம் பார்ப்பாள். பிறகு இண்டியன் இங்கில் நிப்பைத் தோய்த்துக் குமிழுக்குள் பேச்சை எழுதுவாள். எழுதி முடித்த பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியாக, குமிழின் அடியிலிருந்து ஒரு சின்ன வாலை இழுப்பாள். வால் யாரை நோக்கிப் போகிறதோ அவர்தான் பேசுகிறவர். தலைக்கு மேலே இருக்கிறது என்பதற்காகக் குமிழ் அந்தத் தலைக்குச் சொந்தமாகிவிடாது. ஒருமுறை கொள்ளைக்காரன் தலைக்கு நேர்மேலே இருந்த குமிழில் "சாப்பிட்டாயா?" என்று எழுதி, வாலைக் கட்டத்துக்கு வெளியே இழுத்து, படத்திலேயே இல்லாத அவன் மனைவி பேசுவதாக ஆக்கிவிட்டாள். அந்த ஒரு வாலால் கதை வேறு கதையாகிவிட்டது.

"வாயை வரையறது நான், அதை யாரு திறக்கணும்னு சொல்றது நீயா?" என்று பால்துரை சிரித்தார். "எனக்கு எதுக்குச் சம்பளம்னு முதலாளி கேக்கப்போறாரு, புஷ்பம்."

"நீங்களே எழுதுங்களேன் ஓவியரே, யாரு வேண்டாம்னா?"

"என் எழுத்தைப் பாத்திருக்கல்ல? ஒவ்வொண்ணும் சாராயம் குடிச்ச மாதிரி சாஞ்சு நிக்கும். வீரன் பேசுனா ஊரே சிரிக்கும்."

நீலமுகிலனின் கதைகள் எல்லாம் ஒரே வழியில் போகும். எங்கோ யாரோ கூப்பிடுவார்கள், எவ்வளவு தூரத்திலிருந்தாலும் அவனுக்குக் கேட்கும், மேகத்திலிருந்து இறங்கி, "வந்துவிட்டேன்!" என்பான், அதைச் சொன்ன பிறகுதான் கையை ஓங்குவான். காரியம் முடிந்த அடுத்த கட்டத்தில் அவன் இருக்கமாட்டான். நன்றி சொல்ல வாய் திறந்தவர்கள் வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வரும்போது சொல்கிறவன் போகும்போது ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லிக்கொண்டு போகிற வீரன் அந்தக் காலத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பால்துரை சொல்லிக்கொண்டு போகிறவர். விளக்கு வைக்கும் நேரமானால் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவைப் பாதி திறந்து, "வாரேன், புஷ்பம்" என்பார். "போயிட்டு வாங்க" என்பாள். வேலையைப் பற்றியல்லாமல் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்; அதுவும் பல வருஷங்களாக ஒவ்வொரு மாலையும் பேசிக்கொண்டதால், அவர்கள் வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியாமல் இருந்தது.

வால் இழுக்கும்போது அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். மூச்சு விட்டால் கோடு நடுங்கும். ஒரு மாலை, அவள் நிப் காகிதத்தில் இறங்கிப் பாதி வளைவில் இருந்தபோது பால்துரை, "வாரேன், புஷ்பம்" என்றார். அவளால் வாய் திறக்க முடியவில்லை. அவர் கதவில் கைவைத்தபடி, ஒரு மனிதர் காரணமில்லாமல் எவ்வளவு நேரம் நிற்கலாமோ அவ்வளவு நேரம் நின்றார். அவள் நிப்பை எடுத்து, மூச்சை விட்டு, "போயிட்டு வாங்க" என்று சொன்னபோது கதவு சாத்தியிருந்தது. அன்று இரவு, தான் தங்கியிருந்த லாட்ஜ் அறையில், தூக்கத்திலேயே அவர் போய்விட்டார்.

அவர் மேசையில் ஒரு பக்கம் மிச்சமிருந்தது. அதன் கடைசிக் கட்டத்தில் நீலமுகிலன் பாதி திறந்த கதவருகே நம்மைப் பார்த்து நின்றான். தலைக்கு மேலே ஒரு குமிழ்.

"எழுத வேண்டாம்மா" என்றார் முதலாளி. "ஓவியரே போயிட்டாரு. காகித விலையும் நம்மள இருக்க விடாது. இத்தோட நிறுத்திக்குவோம்."

ஆனால் பேச்சு எழுதாத பக்கத்துக்கு அச்சுப் பிளேட் போடக்கூடாது என்று தெரியாத புது மிஷின்மேன் ஒருவர் அதற்குள் அதை ஓட்டிப் பார்த்திருந்தார். ஒரே ஒரு தாள். நிறங்கள் சரியாக உட்காரவில்லை. நீலம் அரைவிரல் தள்ளியிருந்தது. காயட்டும் என்று கம்பியில் தொங்கவிட்டுப் போனார். காலையில் பார்த்தால் கடைசிக் கட்டத்தில் கதவு மட்டும் இருந்தது. ஆள் இல்லை.

"வீட்டுக்குப் போயிருப்பாரு" என்றார் மிஷின்மேன்.

அப்படித்தான் அவன் வந்தான். எப்படி வந்தான் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை; இங்கே எவ்வளவு நேரம் இருப்பான், என்ன சாப்பிடுவான் என்றுதான் கேட்டார்கள். அவன் எதுவும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் எல்லாருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. முன்னாலிருந்து பார்த்தால் முழு ஆளாகவும் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கறுப்புக் கோடாகவும் இருந்ததால், பஸ்ஸில் கண்டக்டருக்குப் பக்கவாட்டைக் காட்டி நிற்கும்படி செல்லக்கனி சொல்லிக்கொடுத்தாள். ரேஷன் கார்டில் அவனைச் சேர்க்க வந்த அதிகாரி, குடும்பத் தலைவிக்கு இவர் என்ன உறவு என்று கேட்டு, பதில் வராததால் பேனாவை மூடிக்கொண்டு, "விருந்தாளின்னு போட்டுக்கிறேன், சீனி மட்டும் கிடையாது" என்றார்.

முதல் சில மாதங்கள் ஊர் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கிணற்றில் விழுந்த வாளிக்குக் கூப்பிட்டார்கள், தண்டவாளத்தில் மறித்துப் படுத்துக்கொண்ட எருமைக்குக் கூப்பிட்டார்கள், குடித்துவிட்டு வந்த மருமகனுக்குக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அவன் வந்தான். வந்து நின்றான். கதைகளில் "வந்துவிட்டேன்!" என்று சொன்ன பிறகே கையை ஓங்கிப் பழகியவன் என்பதால், சொல்ல வார்த்தையில்லாமல் அவனால் ஒரு வாளியைக்கூடத் தொட முடியவில்லை. குமிழைச் சுமந்துகொண்டு, கூப்பிட்டவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தக் குமிழை நிரப்ப ஊரே முயன்றது. சாக்பீஸால் எழுதினார்கள், கரியால் எழுதினார்கள், தேர்தல் வந்தபோது ஒரு கட்சிக்காரர் ஏணி வைத்து ஏறிச் சின்னத்தையே வரைந்துவிட்டார். எது எழுதினாலும் சேம்பிலையில் விழுந்த தண்ணீராக உருண்டு அவன் தோளில் சொட்டியது. சொட்டிய கட்சிச் சின்னத்தோடு ஒரு வாரம் அவன் தெருவில் நின்றதில் எதிர்க்கட்சிக்காரர்களுக்கு மட்டும் வருத்தம்.

"எழுத வேண்டியவங்க எழுதுனாத்தான ஒட்டும்" என்றாள் செல்லக்கனி. எல்லாரும் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்கள்.

"பாக்கலாம்" என்றாள் தங்கபுஷ்பம்.

அவள் பார்க்கவில்லை. கடைசிக் குமிழ் நிரம்பிய பக்கம் மேசையில் தங்காது என்பது அவளுக்குத் தெரியும். ஈரம் காய்ந்த உடனே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மேசையில் நிப்பும் மையும் அவளும்தான் மிஞ்சுவார்கள். குமிழை நிரப்பினால் இவனும் போய்விடுவான். அம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டில் இப்போதுதான் இன்னொரு ஆள் இருந்தான். அடுப்படிக் கதவருகே நிற்பான்; அவள் உளுந்து களைந்துகொண்டே முதலாளியின் புது வேலையைப் பற்றி, காமிக்ஸ் நின்றபின் சேர்ந்த காலண்டர் கம்பெனியில் தான் எழுதும் நல்லநேரம் கெட்டநேரங்களைப் பற்றி, கல்லூரியில் மனப்பாடமாயிருந்து பாதியில் அறுந்துபோன ஒரு பாட்டின் அடுத்த அடி என்னவாக இருக்கும் என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவன் பதில் சொல்லமாட்டான். பதில் சொல்லாத ஆள் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள்தானே என்று அவள் தனக்குச் சொல்லிக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போது வானொலிக்காரர்கள் வந்தார்கள். அவனுக்குக் குரல் தருகிறோம் என்றார்கள். குரல் கிடைக்கப்போகிறவனைத் தடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. வேன் ஏறிப் போனான். ஞாயிறு மதியம் ரேடியோ பெட்டியிலிருந்து குரலாக மட்டும் வந்தான். மேடை நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிற ஒருவருடைய குரல் அது. தெருவே அவள் வீட்டில் கூடியிருக்க, "வந்துவிட்டேன்! ஹஹ்ஹஹ்ஹா!" என்று பெட்டி அதிர்ந்தது.

"ஹஹ்ஹஹ்ஹா நான் எழுதுனதில்ல" என்றாள் தங்கபுஷ்பம்.

"சிரிக்கத்தானக்கா செய்தாரு, பாவம். விடுங்க" என்றாள் செல்லக்கனி.

எழுதிய காலமெல்லாம் அவள் காதில் அவன் பேசியது அடங்கின குரலில். கதவருகே நின்று பேசுகிறவரின் குரலில். அந்தக் குரல் பெட்டியில் ஒரு வாரமும் வரவில்லை. நாடகம் முடிந்த அடுத்த தண்ணீர் வரும் காலையில் அவன் வாசலில் நின்றான். ராஜா குரல் அந்த நடிகரோடே போய்விட்டது. குமிழ் பழையபடி வெறுமையாக இருந்தது. போர்வையின் நீலம் மட்டும் ஒரு துவைப்பு துவைத்தது போல் வெளுத்திருந்தது.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். படத்தில் அவனுக்கு ஒரு கண் தெரியாத அம்மாவும், கெட்டுப்போகக் காத்திருக்கும் ஒரு தங்கையும், மழையில் பாட ஒரு பெண்ணும் கிடைத்தார்கள். தியேட்டரில் அவன் பறந்து வந்து "வந்துவிட்டேன்!" என்றபோது காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின, பெண்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் தன் தலையில் விழுந்த காகிதத்தை எடுத்து அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். படம் நூறு நாள் ஓடியது என்றார்கள், இல்லை என்றும் சொன்னார்கள். அவன் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு மீசை இருந்தது. தண்ணீருக்குப் போகவில்லை, சீயக்காய்க்குப் போகவில்லை. அச்சு மையைத் துடைப்பது போல மண்ணெண்ணெய் தொட்ட துணியால், மீசையோடு உதடும் அழிந்துவிடக்கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்க அவள் துடைத்தாள். ஓர் ஆண் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. மீசை போயிற்று. அதோடு கன்னத்து நிறமும் கொஞ்சம் போயிற்று.

தொலைக்காட்சிக்குப் போய் வந்தபோது அவன் அரிசி டப்பா உயரத்துக்குக் குறைந்திருந்தான். தீபாவளிவரை அலமாரியில்தான் நின்றான். அவன் வளர்ந்து பழைய உயரத்துக்கு வந்த வருஷத்தில் ஊர்க்காரர்களே அவனைக் கேட்டு வந்தார்கள். வெளியூர்க்காரன் எல்லாம் எடுத்துக்கொண்டு போகிறான், நம் ஊர் ஆள் நம் ஊர்ப் பட்டாசுப் பெட்டியில் இருக்க வேண்டாமா என்றார்கள். நீலமுகிலன் சாட்டை, நீலமுகிலன் புஸ்வாணம், நீலமுகிலன் ஓலைவெடி என்று அவன் பட்டாசுக் கட்டுகளில் ஏறினான். தீபாவளிக்கு மறுநாள் காலை தெரு முழுக்கப் பாதி கருகிய அவன் முகங்கள் கிடந்தன. கண்ணில்லாமல், தாடையில்லாமல், சிலவற்றில் மார்பின் மேகம் மட்டும். தங்கபுஷ்பம் தன் வாசல் எல்லைவரை அவற்றைக் கூட்டி அள்ளினாள். மற்றவர்களைப் போலக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்த மனம் வராமல், ஒரு பழைய வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கூழாகும்வரை ஊறவைத்தாள். அவன் வாசற்படியில் நின்று வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குமிழில் ஒன்றுமில்லை. தண்ணீர்தான் நீலமாகியது.

இப்படி ஒவ்வொருவரும் அவனுக்கு வாய் கொடுத்தார்கள், ஒவ்வொருவரும் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊர் அவனைக் கூப்பிடுவதை எப்போது நிறுத்தியது என்று யாருக்கும் ஞாபகமில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அவனை ஏதோ கடை திறப்புக்கு வைத்து எடுக்க மறந்த கட்டவுட் என்று நினைத்தார்கள். ஒருவர் அவன் கையில் ஈரத்துண்டைக் காயப்போட்டார். தங்கபுஷ்பத்துக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று, முட்டி வீங்கியது, காலண்டர் கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கி அவளை நிறுத்தியது. அவன் மட்டும் வயதாகாமல் வெளுத்துக்கொண்டே போனான்.

கடைசியாக, பெங்களூரிலிருந்து ரக்‌ஷிதா என்ற பெண் போனில் விளையாட்டுச் செய்கிற கம்பெனிக்காக வந்தாள். நல்ல பெண், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், கொடுத்த காபியைக் குடித்தாள்.

"இவரை எங்கயும் கூட்டிட்டுப் போக மாட்டோம், ஆன்ட்டி. சுத்தி ஸ்கேன் பண்ணிட்டா போதும்" என்று போனைப் பிடித்துக்கொண்டு அவனைச் சுற்றி வந்தாள். "ஐயோ, சைடுல வெறும் லைன்தான் இருக்காரு. பரவாயில்ல, உடம்பு நாங்க போட்டுக்குவோம்."

"என்ன பேசுவான்?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"என்ன வேணாலும் பேசுவாரு. நீங்க எது கேட்டாலும் பதில் சொல்வாரு. பேசிப் பாருங்களேன்."

போனுக்குள் ஒரு நீலமுகிலன் நின்றான். பளபளவென்று, எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுசாக, நீலம் ஒரு மயிரிழைகூட விலகாமல் இருந்தான். செல்லக்கனிதான் முந்திக்கொண்டாள். "ஏய், என்னைத் தெரியுதா?"

"வந்துவிட்டேன்! வணக்கம் செல்லக்கனி! இன்று நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

"யக்கா! என் பேரச் சொல்லுதான்க்கா!" பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்தாள். "குழாயில ரெண்டு நாளா தண்ணி வரல, என்னன்னு கேளுடா."

அவன் அதற்கும் பதில் சொன்னான். தண்ணீரைச் சேமிப்பது எப்படி என்று சொன்னான். சொல்லிக்கொண்டே இருந்தவனை ரக்‌ஷிதா விரலால் மேலே தள்ள, வாக்கியம் பாதியில் இருக்கும்போதே அவன் காணாமல் போனான்.

"போகும்போது ஒண்ணும் சொல்லமாட்டானா?" என்றாள் தங்கபுஷ்பம்.

"அது ஆப்பை க்ளோஸ் பண்றது, ஆன்ட்டி. அதுக்கு எதுக்கு டயலாக்?"

அந்த முறை அவன் எங்கும் போகவில்லை. வாசலில் வந்து நிற்கவும் வேண்டியிருக்கவில்லை. அடுப்படிக் கதவருகே நின்றபடியே போகத் தொடங்கினான். போர்வையின் நீலம் சட்டிபானை கழுவிய தண்ணீரின் நிறத்துக்கு வந்தது. மார்பின் மேகம் எது, சுவரின் சுண்ணாம்பு எது என்று தெரியவில்லை. தேய்ந்த பிளேட்டில் ஓடிய தாளைப் போலக் கறுப்புக் கோடுகள் அங்கங்கே விட்டுப்போயின. ஒரு நாள் இடது கை இல்லை, ஒரு நாள் முழங்கால் இல்லை. குமிழ் மட்டும் வெள்ளையாக, கனமாக நின்றது. குமிழை நிரப்பாமல் வைத்திருந்தால் அவன் இருப்பான் என்று இத்தனை காலம் அவள் வைத்திருந்தாள். நிரப்பாமலேயே போகிறான் இவன். அவள் உளுந்து களைவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏதாவது எழுதத்தான் வேண்டும். என்ன எழுதினாலும் அது ராஜா குரலாக, மீசையாக, பெட்டிமேல் படமாகத்தான் போய்ச் சேரும் என்று தோன்றியது. இவன் வாய்க்குப் பொருந்துகிற சொல் ஒன்று தன்னிடம் எப்போதாவது இருந்ததா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஆடிக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஓசி வாங்கவந்த காபித்தூளை மடியில் முடிந்துகொண்டு எழுந்த செல்லக்கனி, அவன் நின்ற திசையைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"இருக்காரா, போயிட்டாராக்கா? எனக்கு ஒண்ணும் தெரியல."

"இருக்கான். மூஞ்சி இருக்கு. ஒரு தோள் இருக்கு."

"நம்ம ரெண்டு பேரும்கூட அப்படித்தான் இருக்கோம், விடுங்க" என்று சிரித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசற்படி இறங்கினாள். "விளக்கு வைக்கணும். வாரேன்க்கா."

"போயிட்டு வா" என்றாள் தங்கபுஷ்பம்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பாள், தபால்காரரிடம், கீரைக்காரியிடம், முதலாளியிடம், சொல்லவேண்டிய அன்று சாத்திய கதவிடம். அவள் திரும்பிக் குமிழைப் பார்த்தாள். அதை முதன்முதலாக, புதிதாக மேசைக்கு வந்த ஒரு பக்கத்தைப் பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தாள்.

குமிழுக்கு வால் இல்லை.

வால் எப்போதுமே இருந்ததில்லை. அவன் தலைக்கு மேலே இருந்ததால் அது அவன் பேச்சு என்று கட்சிக்காரர் நினைத்தார், வானொலிக்காரர் நினைத்தார், சினிமாக்காரர் நினைத்தார். வாலை இழுப்பதே வேலையாக வாழ்ந்த அவளும் நினைத்தாள். அத்தனை பேரும் அவன் வாயில் சொல் வைக்கத்தான் வந்தார்கள். அவனைப் பார்த்து, அவனுக்கென்று, ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாதவர்களுக்கு அவன் எங்கிருந்து பதில் சொல்வான்?

தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் இண்டியன் இங்க் இருந்தது. வேலைக்குப் பையனில்லாத கடை என்பதால் கடைக்காரரே தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்து, "இதெல்லாம் இன்னும் யாரு வாங்குதா?" என்றார். "ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து, தையல் பெட்டியிலிருந்து நிப்பை எடுத்து, துடைத்து, முக்காலியை அவன் முன்னால் போட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதல் எழுத்தை எழுதிவிட்டு, உருண்டு விழுகிறதா என்று பார்த்தாள். விழவில்லை. காகிதத்தில் உறிஞ்சப்படுவது போல மை குமிழுக்குள் இறங்கி நின்றது. ஓர் எழுத்துக்குப் பின் ஓர் எழுத்தாக, காமிக்ஸில் எழுதிய அதே உருட்டலில், நடுவில் எழுதினாள்:

"போயிட்டு வாங்க."

அவனை அவள் ஒரு நாளும் 'வாங்க' என்று சொன்னதில்லை.

இனி வால். குமிழின் அடியில் நிப்பை வைத்தாள். அவன் வாய்ப்பக்கம் போகவில்லை. அவன் காதை ஒட்டி, மிச்சமிருந்த ஒரு தோளைத் தாண்டி, வெறும் காற்றில் கோட்டை இழுத்துக்கொண்டே முக்காலியிலிருந்து ஒரு காலை இறக்கி, மறுகாலையும் இறக்கி, தன் பக்கமாகக் கொண்டுவந்தாள். மூச்சை அடக்கிக்கொள்ளப் பழகின நெஞ்சு அடக்கிக்கொள்ளப் பார்த்தது. அவள் விடவில்லை. கோடு பாதி வளைவில் இருக்கும்போதே வாயைத் திறந்து, "போயிட்டு வாங்க" என்று சத்தமாகச் சொன்னாள். கோடு நடுங்கியது. நடுங்கட்டும் என்று இழுத்தாள். வாலின் நுனி அவள் உதட்டில் வந்து முடிந்தது, மை கசந்தது.

காற்றில் வாசற்கதவு பாதி திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது அவன் வாயருகே, எலுமிச்சம்பழம் அளவில் இன்னொரு குமிழ் அரும்பியது. அதற்கு வால் தானாகவே இருந்தது. அதற்குள் எழுத்துகள் வந்தன. அவள் எழுத்தல்ல, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, குடித்தவை போல நிற்கமாட்டாமல் நின்ற எழுத்துகள்.

"வாரேன், புஷ்பம்."

அவன் திரும்பினான். திரும்பும்போது பக்கவாட்டில் கோடாகிவிடுவான் என்று நினைத்தாள், ஆகவில்லை, முதுகும் தோளும் உள்ள ஆளாகவே திரும்பி நடந்து, கதவில் கைவைத்து, ஒரு மனிதர் காரணமில்லாமல் எவ்வளவு நேரம் நிற்கலாமோ அவ்வளவு நேரம் நின்று, படியிறங்கிப் போனான். கறுப்புக் கோடுகள்தான் முதலில் போயின. நீலம் எப்போதும்போல் அரைவிரல் பின்தங்கியிருந்ததால், அவன் போன பிறகும் வாசலில் ஒரு கணம் நின்றது. பிறகு அதுவும் போயிற்று.